நீக்கப்பட்டவர்களின் பள்ளி: சேர்க்கை யார் கணக்கு, தேர்ச்சி யார் பொறுப்பு?

காலை ஏழரை மணி. மஞ்சள் பேருந்திலிருந்து இறங்கும் பதினான்கு வயதுப் பையன் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு வரிசையில் நிற்கிறான். கையில் புத்தகப் பை இல்லை; அதைக் கொண்டுவர அனுமதி கிடையாது. வாசலில் உலோகச் சோதனைக் கருவி. அதைத் தாண்டியதும் காலணியைக் கழற்றிக் காட்ட வேண்டும், சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிட வேண்டும். சீருடை அணிந்த காவலர் ஒருவர் தலையசைத்த பிறகுதான் வகுப்பறைப் பக்கம் நகர முடியும். உள்ளே போனால் வழக்கமான வகுப்புதான். வெள்ளைப் பலகையில் இயற்கணிதம், சுவரில் அமெரிக்க வரைபடம், மேசையில் பென்சில். மாலையில் அந்தப் பென்சிலையும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஹூஸ்டன், டல்லஸ், சான் அன்டோனியோ, ஆஸ்டின் என டெக்சாஸின் பெருநகரங்களை ஒட்டிய கவுண்டிகளில் (மாநிலத்துக்குள் அடங்கும் நிர்வாக வட்டாரங்களில்) ஒவ்வொரு பள்ளி நாளும் இப்படித்தான் தொடங்குகிறது. இந்தக் கூடத்துக்குச் சட்டம் வைத்த பெயர் 'சிறார் நீதி மாற்றுக் கல்வித் திட்டம்'. வழக்கமான பள்ளி ஒரு மாணவனை நீக்கிவிட்டால் அவனைத் தெருவில் விடாமல் படிக்க வைப்பதற்காக, சிறார் நீதித்துறையே நடத்தும் பள்ளி இது. பள்ளி விட்டதும் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் நிர்வாகம் கவுண்டியின் சிறார் வாரியத்திடம் இருக்கிறது.

குற்றம் செய்த அல்லது விதியை மீறிய பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி இப்போது தமிழ்நாட்டின் ஆசிரியர் அறைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் ஓயாமல் எழுகிறது. 'டி.சி.யைக் கொடுத்து அனுப்புங்கள்' என்கிறார்கள் சிலர். 'அனுப்பினால் எங்கே போவான்?' என்று திருப்பிக் கேட்கிறார்கள் சிலர். அந்த இரண்டாவது கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் எழுதிப் பதில் சொல்லிப் பார்த்த மாநிலம் டெக்சாஸ். அங்கே கிடைத்த பாடங்கள் நமக்கும் வேண்டியவை.

சட்டம் பிறந்த கதை

1990களின் முதல் பாதியில் அமெரிக்காவைப் பிடித்திருந்தது சிறார் குற்றம் பற்றிய அச்சம். பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் ஓராண்டு நீக்கம் என்று 1994இல் மத்திய அரசு சட்டம் போட்டது. மறு ஆண்டே டெக்சாஸ் சட்டமன்றம் தன் கல்விச் சட்டத்தை முழுமையாகத் திருத்தி எழுதியது. அதன் 37ஆம் அத்தியாயம் இரண்டு படிகளை அமைத்தது. முதல் படி, பள்ளி மாவட்டமே (ஒரு வட்டாரத்தின் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) நடத்தும் ஒழுங்கு நடவடிக்கை மாற்றுக் கல்வி மையம். அதற்கும் மேலான குற்றம் என்றால் பள்ளியிலிருந்து நீக்கம். நீக்கப்பட்டவர் போய்ச் சேர்வது சிறார் நீதித் துறையின் பள்ளி.

1,25,000 பேருக்கு மேல் வாழும் கவுண்டிகள் அத்தகைய பள்ளியை நடத்தியே ஆக வேண்டும். டெக்சாஸில் 254 கவுண்டிகள் உண்டு. கட்டாயத்தின் கீழ் வந்தவை இருபதுக்குச் சற்று மேல். மக்கள்தொகை பெரும்பாலும் அந்தப் பெரிய கவுண்டிகளில் குவிந்திருப்பதால் பெருவாரியான மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு எட்டியது. ஆனால் சிறிய கவுண்டியில் நீக்கப்படும் பிள்ளைக்கு மாற்றுப் பள்ளி என்று எதுவும் இல்லாமல் போகலாம். ஒரே தவறு, ஒரே சட்டம். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு வகுப்பறை, அந்தப் பக்கம் இருப்பவனுக்கு வீட்டுத் திண்ணை.

■ பெட்டிச் செய்தி: யார் அனுப்பப்படுகிறார்கள்?

• கட்டாய நீக்கம்: துப்பாக்கி, தடைசெய்யப்பட்ட ஆயுதம், கொடுந்தாக்குதல், பாலியல் வன்முறை, தீவைப்பு, பெருங்குற்ற அளவிலான போதைப்பொருள் போன்றவை. இதில் பள்ளிக்கு வேறு வழியில்லை.

• விருப்புரிமை நீக்கம்: நீக்கலாமா வேண்டாமா என்பதைப் பள்ளி மாவட்டமே முடிவு செய்யும். மாற்று மையத்தில் இருக்கும்போது தொடர்ந்து கட்டுப்பாட்டை மீறுவதும் இதில் அடங்கும்.

• நீதிமன்ற உத்தரவு: சிறார் நீதிமன்றமோ நன்னடத்தை அலுவலரோ அனுப்பும் மாணவர்கள்.

• வேலை நேரம்: நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 180 நாள். பாடங்கள்: ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல், சுயகட்டுப்பாடு. பள்ளி இறுதிக்கு இணையான தேர்வுக்கும் பயிற்சி உண்டு.

சேர்க்கை எண் யாரைக் காட்டுகிறது?

ஒரு பள்ளியில் சேர்க்கை கூடினால் பெற்றோருக்கு அதன்மேல் நம்பிக்கை என்று பொருள். குறைந்தால் நம்பிக்கை சரிந்துவிட்டது என்று பொருள். சிறார் நீதிப் பள்ளியின் பதிவேட்டை அப்படிப் படிக்க முடியாது. இங்கே எந்தப் பெற்றோரும் விரும்பி வந்து விண்ணப்பம் வாங்குவதில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு தலைமை ஆசிரியரின், ஒரு மாவட்ட அலுவலரின், அல்லது ஒரு நீதிபதியின் கையெழுத்து இருக்கிறது.

அதனால்தான் கட்டாயத்துக்கும் விருப்புரிமைக்கும் இடையிலான பிரிவு முக்கியமாகிறது. துப்பாக்கி கொண்டுவந்த மாணவனைப் பற்றி எவருக்கும் இருவேறு கருத்து இல்லை. ஆனால் 'டெக்சாஸ் ஆப்பிள்சீட்' என்ற சட்ட உதவி அமைப்பு 2010இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி நீக்கங்களில் பெரும்பாலானவை விருப்புரிமை வகையைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. அவற்றில் மிகுதியாகச் சொல்லப்பட்ட காரணம், 'கடுமையான அல்லது தொடர்ச்சியான ஒழுங்கீனம்'. ஆயுதமோ இரத்தக் காயமோ இல்லை. மாற்று மையத்தில் இருந்தபோது மீண்டும் மீண்டும் சொல் பேச்சுக் கேட்காதது போதும். பிடிவாதம் பிடித்த பிள்ளையும் கத்தி எடுத்த பிள்ளையும் ஒரே வாசலில், ஒரே உலோகச் சோதனைக் கருவிக்கு முன்னால் நின்றார்கள்.

2011இல் சட்டமன்றம் அந்தச் சொற்றொடரைக் கையில் எடுத்தது. 'தொடர்ச்சியான' என்ற சொல் நீக்கப்பட்டது. கடுமையான ஒழுங்கீனம் எது என்பதற்கு வரையறை எழுதப்பட்டது. அதை ஆவணத்தோடு நிறுவ வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. 2000களின் நடுவில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் நுழைந்த இந்தப் பள்ளிகளில் அடுத்து வந்த ஆண்டுகளில் சேர்க்கை பாதிக்கும் கீழே இறங்கியது. சிறார் கைதுகள் நாடு முழுவதும் குறைந்துகொண்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம். 2015இல் இன்னொரு திருத்தம் வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் நடத்தைக்கென ஒரு பொறுப்பாளர் வேண்டும். தற்காப்புக்காகச் செய்தானா, நோக்கம் என்ன, பழைய பதிவு எப்படி, மாற்றுத்திறன் உண்டா என்பவற்றை எடைபோட்ட பிறகே தண்டனை தீர்மானிக்க வேண்டும் என்றது அது.

ஒரு சொல்லை எடுத்தால் சில நூறு பிள்ளைகள் வழக்கமான வகுப்பறையிலேயே தங்கிவிடுகிறார்கள் என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அனுப்பப்பட்ட அத்தனை பேரும் உண்மையில் அங்கே போக வேண்டியவர்கள்தானா? டெக்சாஸ் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி இது. சேர்க்கைப் பதிவேடு பிள்ளைகளின் குணத்தைவிடப் பெரியவர்களின் விதிகளையே தெளிவாகக் காட்டுகிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

■ பெட்டிச் செய்தி: பத்து லட்சத்தை நெருங்கிய ஆய்வு

மாநில அரசுகள் கவுன்சிலின் நீதி மையமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, டெக்சாஸின் 9,28,940 மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பின்தொடர்ந்தது.

• பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஏறக்குறைய 10இல் 6 பேர் ஒருமுறையாவது இடைநீக்கமோ நீக்கமோ பெற்றனர்.

• ஒழுங்கு நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயப்படுத்தியவை 3 சதவீதம் மட்டுமே. மற்றவை பள்ளியின் விருப்புரிமை.

• நடவடிக்கைக்கு உள்ளானவர்களில் 31 சதவீதத்தினர் ஒருமுறையாவது அதே வகுப்பில் மீண்டும் படித்தனர். நடவடிக்கையே இல்லாதவர்களில் அது 5 சதவீதம்.

• 11 முறையோ அதற்கு மேலோ நடவடிக்கைக்கு உள்ளானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சிறார் நீதித் துறையின் கைக்குப் போயினர்.

• பிற காரணிகளைச் சமன்செய்து பார்த்தபோதும், விருப்புரிமை நடவடிக்கைக்கு உள்ளாகும் வாய்ப்பு கறுப்பின மாணவர்களுக்கு 31 சதவீதம் அதிகமாக இருந்தது. சிறப்புக் கல்வி பெறும் மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஒருமுறையாவது நீக்கமோ இடைநீக்கமோ பெற்றனர்.

அந்த ஆய்வில் நம் தலைமை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு முடிவும் உண்டு. ஒரே மாதிரியான ஏழ்மை, ஒரே மாதிரியான மாணவர் கலவை கொண்ட பள்ளிகளே ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட அளவில் நடவடிக்கை எடுத்திருந்தன. ஒரு பள்ளி வெளியே அனுப்பிய அதே வகைப் பிள்ளையை இன்னொரு பள்ளி உள்ளே வைத்துச் சமாளித்திருக்கிறது. 'எங்கள் பகுதிப் பிள்ளைகள் அப்படி' என்ற விளக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை.

நடுவில் அறுந்த பாடம்

அனுப்பப்பட்ட பிறகு படிப்பு என்ன ஆகிறது? உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனை மனத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும்.

ஒன்பதாம் வகுப்பில் அவன் ஆங்கிலம், இயற்கணிதம், உயிரியல், புவியியல் படிக்கிறான். கூடவே ஸ்பானிஷ் மொழி, வாத்திய இசை, ஒரு தொழிற்பாடம். ஒவ்வொரு பாடமும் முடிந்தால்தான் அதற்குரிய கிரெடிட் கணக்கில் ஏறும். போதிய கிரெடிட் சேர்ந்தால்தான் பள்ளி இறுதிச் சான்றிதழ். பிப்ரவரியில் அவன் நீக்கப்படுகிறான். சிறார் நீதிப் பள்ளியில் ஸ்பானிஷ் ஆசிரியர் இல்லை, இசை இல்லை, தொழிற்பாடம் இல்லை. சட்டம் பட்டியலிட்ட அடிப்படைப் பாடங்களைத் தவிர, சான்றிதழுக்குத் தேவையான மற்றப் பாடங்களை நடத்தும் கடமை அந்தப் பள்ளிக்குக் கிடையாது. ஆகஸ்டில் பழைய பள்ளிக்குத் திரும்பும்போது அவனுடைய நண்பர்கள் பத்தாம் வகுப்பில். அவனோ மூன்று பாடங்களில் பாதி வழியில் நிற்கிறான்.

வகுப்பறைக்குள் நிலைமை இன்னும் சிக்கலானது. வழக்கமான பள்ளியில் எல்லாரும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்றாக நுழைகிறார்கள். இங்கே திங்கட்கிழமை ஒருவன் வருகிறான், வியாழக்கிழமை ஒருத்தி கிளம்புகிறாள். சிலர் சில வாரங்கள் இருப்பார்கள், சிலர் ஒரு பள்ளியாண்டு முழுவதும். பின்னத்தில் தடுமாறும் பையனும் முக்கோணவியல் வரை போன பெண்ணும் ஒரே அறையில். ஒரே கணித ஆசிரியர் அத்தனை பேருக்கும் அன்றன்று புதிதாகப் பாடம் தொடங்க வேண்டும். சிறப்புக் கல்வி ஏற்பாடு தேவைப்படும் பிள்ளைகளின் பங்கும் இங்கே பொதுப் பள்ளிகளைவிட அதிகம். அவர்களுடைய கல்வித் திட்டக் கோப்பு பழைய பள்ளியிலிருந்து வந்து சேரும் வரை, எங்கே தொடங்குவது என்பதே புதிய ஆசிரியருக்குத் தெரியாது.

பணக் கணக்கும் இதில் பின்னிக் கிடக்கிறது. கட்டாயமாக நீக்கப்பட்ட மாணவனுக்கு மாநில அரசு, அவன் வந்த ஒவ்வொரு நாளுக்கும் பணம் கொடுக்கும். தொடக்கத்தில் 59 டாலராக இருந்த அந்தத் தொகை பிற்பாடு 79, 86 என்று ஏறியது. விருப்புரிமையில் அனுப்பப்பட்டவனுக்கு யார் எவ்வளவு தருவது என்பதைப் பள்ளி மாவட்டமும் சிறார் வாரியமும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்யும். நூறு பேருக்காகக் கட்டிய கட்டடத்தில் முப்பது பேர் இருந்தாலும் காவலர், ஆசிரியர், பேருந்து எல்லாம் வேண்டும். சேர்க்கை குறைவது பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. பட்ஜெட் போடுபவருக்கோ ஒரு மாணவனுக்கான செலவு ஏறும் செய்தி. செலவைக் காட்டி ஆசிரியர் எண்ணிக்கையை வெட்டினால், கடினமான பின்னணி கொண்ட மிச்சப் பிள்ளைகள், படிப்பும் தேய்ந்த நிலையில் தங்கிவிடுவார்கள்.

மதிப்பெண் சொல்வதும் சொல்லாததும்

டெக்சாஸ் சட்டத்தில் பாராட்டத்தக்க ஒரு வரி உண்டு. மாணவரைத் தன் வகுப்புக்குரிய நிலையில் கற்கவைப்பதே இந்தப் பள்ளிகளின் கல்வி நோக்கம் என்று அது சொல்கிறது. கட்டுப்பாட்டோடு உட்கார வைப்பது போதாது, படிக்கவும் வைக்க வேண்டும். மாணவர் முன்னேற்றத்தைப் பருவந்தோறும் ஆராய வேண்டும். உயர்நிலை மாணவர் என்றால் சான்றிதழுக்கு எவ்வளவு தூரம் பாக்கி என்பதைப் பெற்றோரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். இந்தப் பள்ளிகளின் செயல்பாட்டைப் பற்றி மாநிலச் சிறார் நீதித் துறை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத்துக்கு அறிக்கையும் வைக்கிறது.

அந்த அறிக்கைகள் மூன்றை அளக்கின்றன. ஒன்று, மாநிலத் தேர்வில் தேர்ச்சி. இரண்டு, நுழையும்போதும் வெளியேறும்போதும் வைக்கும் வாசிப்பு, கணிதச் சோதனைகளுக்கு இடையிலான வளர்ச்சி. மூன்று, பழைய பள்ளிக்குத் திரும்பிய பிறகு வருகையும் ஒழுங்கு நடவடிக்கைகளும் எப்படி மாறின என்பது.

முதலாவது அளவுகோல் மிகவும் வழுக்கலானது. ஏப்ரல் மாதத் தேர்வுக்கு மார்ச்சில் வந்து சேர்ந்த பையன் தோற்றால் அது எந்தப் பள்ளியின் தோல்வி? சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: பொறுப்புக் கணக்கில் அவன் பழைய பள்ளியின் மாணவனாகவே எண்ணப்படுவான். நீக்கினாலும் மதிப்பெண் உன் கணக்கில்தான் என்று பழைய பள்ளிக்குச் சொல்கிறது அந்த விதி. தேர்ச்சி விழுக்காட்டுக்காகப் பலவீனமான மாணவனை வெளியே தள்ளும் ஆசைக்கு இதைவிட நல்ல கடிவாளம் வேறில்லை. நம் பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் தனித்தேர்வராக எழுதச் சொல்லி ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை புரியும்.

இரண்டாவது அளவுகோல் நேர்மையானது. ஒருவன் எங்கே இருந்தான், எங்கே வந்து நின்றான் என்று அது கேட்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஐந்தாம் வகுப்பு வாசிப்போடு நுழைந்து ஏழாம் வகுப்பு வாசிப்போடு வெளியேறினால் மாநிலத் தேர்வில் தோற்கத்தான் செய்வான். ஆனால் அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் தோற்கவில்லை. இந்த வளர்ச்சியைக் காண மாணவன் நீண்ட காலம் தங்கியிருக்க வேண்டும் என்பது இதன் குறை. சில வாரங்களில் வந்துபோகும் பிள்ளைகள் அளவுக்குள் வராமலே போகிறார்கள்.

மூன்றாவது அளவுகோல்தான் உண்மையான தேர்வு: திரும்பிப் போனவன் தொடர்ந்து படித்தானா?

ஆசிரியர் மேசையிலிருந்து

இதுவரை சொன்னதை வைத்து, பள்ளிகள் ஈரமில்லாமல் பிள்ளைகளைத் துரத்துகின்றன என்று முடிவுகட்டுவது ஆசிரியருக்குச் செய்யும் அநீதி. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவன் நாற்காலியைத் தூக்கி எறியும்போது, மற்ற இருபத்தொன்பது பேரின் உயிருக்கும் படிப்புக்கும் அந்த ஒரே பெரியவர்தான் பொறுப்பு. டெக்சாஸின் உவால்டே தொடக்கப் பள்ளியில் 2022 மே மாதம் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகு அங்கே எந்த மிரட்டலையும் விளையாட்டு என்று ஒதுக்கிவிட எவருக்கும் துணிவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் வகுப்பறைக் கட்டுப்பாடு குலைந்துவிட்டது என்பது ஆசிரியர் சங்கங்களின் நீண்டநாள் குரல். 2023இல் மின்சிகரெட்டுக்குக் கட்டாய மாற்று மையம் என்ற சட்டம் வந்தது. மையங்கள் நிரம்பி வழிந்தன. 2025இல் மாணவரை வகுப்பிலிருந்து வெளியேற்ற ஆசிரியருக்குக் கூடுதல் அதிகாரம் தரும் சட்டம் நிறைவேறியது.

ஆசிரியரின் அச்சம் உண்மையானது. அதற்கு மருந்து வேண்டும். அந்த மருந்து வகுப்பறைக்குள் வர வேண்டும்: ஆலோசகர், இரண்டாவது ஆசிரியர், சிறிய வகுப்பு, வீட்டுக்குப் போய்ப் பேசும் சமூகப் பணியாளர். இவை எதையும் கொடுக்காமல் வெளியேற்றும் அதிகாரத்தை மட்டும் கையில் திணித்தால், களைத்துப்போன ஆசிரியர் அதைத்தான் பயன்படுத்துவார். அந்தத் தவறு அவருடையது என்று சொல்ல மாட்டேன்.

பூட்டிய கதவுக்குள் ஒரு நல்ல பள்ளி

முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன், குற்றம் செய்த சிறாரை மேரிலாந்தின் லாரல் என்ற ஊரில் 'ஓக் ஹில்' என்ற இல்லத்தில் அடைத்து வைத்திருந்தது. அதன் அவல நிலையை எதிர்த்து 1985இல் வழக்குப் போடப்பட்டு, நகர நிர்வாகம் பல ஆண்டுகள் நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தது. ஏழைச் சிறாருக்காக வாதாடிய, அரசு ஊதியம் பெறும் எதிர்வாத வழக்கறிஞர் ஜேம்ஸ் ஃபோர்மன் ஜூனியரும் அவர் நண்பர் டேவிட் டொமெனிசியும் 1990களின் இறுதியில் நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கி, கவிஞர் மாயா ஏஞ்சலோவின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். 2007இல் ஓக் ஹில்லுக்குள் இருந்த பள்ளியை அவர்களுடைய அறக்கட்டளை ஏற்றது. 2009இல் பழைய இல்லம் மூடப்பட்டு 60 படுக்கைகள் கொண்ட 'நியூ பிகினிங்ஸ்' திறக்கப்பட்டது.

அவர்கள் முதலில் மாற்றியது பாடத்தின் வடிவத்தை. ஆண்டு முழுவதும் ஓடும் பாடத்தை ஏறத்தாழ ஒரு மாத அளவுள்ள அலகுகளாக வெட்டினார்கள். உறவு, நீதி, அதிகாரம், மாற்றம் என ஒவ்வோர் அலகுக்கும் ஒரு கரு. ஆங்கிலமும் சமூகவியலும் அந்தக் கருவைச் சுற்றியே நடக்கும். எந்த மாதம் வந்தாலும் பையன் தொடக்கத்திலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். எந்த மாதம் கிளம்பினாலும் முடித்ததற்கு மதிப்பு கையில் இருக்கும். நடுவில் அறுந்த பாடம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

சிறிய வகுப்புகள்; பாட ஆசிரியரோடு சிறப்புக் கல்வி ஆசிரியரும் அதே அறையில். வாரத்தில் நன்றாகப் படித்தவரைப் பெயர் சொல்லி எல்லார் முன்னிலையிலும் பாராட்டும் கூட்டம் நடக்கும். அதுவரை தன் பெயர் உரக்க ஒலித்ததை நீதிமன்றத்தில் மட்டுமே கேட்டிருந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எந்த ஆசிரியரும் உணர்வார். விடுதலைக்குப் பிறகும் மாணவனைப் பின்தொடர்ந்து, புதிய பள்ளியில் சேர்த்து, சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்து, வேலையோ படிப்போ நிலைக்கும் வரை துணை நிற்பதற்கென்றே ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். நீதிமன்றம் அமர்த்திய கண்காணிப்பாளரே அந்தப் பள்ளியைச் சிறப்பானது என்று பதிவு செய்யும் நிலை வந்தது.

அந்த நிலை பரவலாகிவிடவில்லை. மாநில அரசுகள் கவுன்சிலின் நீதி மையம் 2015இல் எல்லா மாநிலங்களையும் கேட்டு வெளியிட்ட அறிக்கையில், காவலில் இருக்கும் சிறாருக்கு வெளியே கிடைக்கும் அதே கல்வியையும் தொழிற்பயிற்சியையும் தருவதாகச் சொன்னவை எட்டு மாநிலங்கள் மட்டுமே.

பத்தாண்டுக்குப் பிறகு வரும் பில்

படிப்பு அறுந்தால் என்ன நேரும் என்பதை சிகாகோ நமக்குக் காட்டியிருக்கிறது. அன்னா ஐசர், ஜோசப் டாயில் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறார் வழக்குகள் நீதிபதிகளுக்குச் சுழற்சி முறையில் போகும்; சில நீதிபதிகள் காவலில் அடைக்கத் தயங்க மாட்டார்கள், சிலர் தயங்குவார்கள். ஒரே மாதிரியான வழக்கு, வேறு வேறு நீதிபதி. அந்த வேறுபாட்டை வைத்து 35,000க்கும் மேற்பட்ட சிறாரின் பிற்கால வாழ்க்கையை ஒப்பிட்டார்கள். காவலில் அடைக்கப்பட்டவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. பெரியவரான பிறகு சிறைக்குப் போகும் வாய்ப்பு 23 சதவீதப் புள்ளிகள் கூடியது. சில வாரக் காவலே பலருக்குப் பள்ளிக்குத் திரும்பும் பாதையை அடைத்துவிட்டது.

வேறொரு மாற்றமும் இதே காலத்தில் நடந்தது. 2000இல் அமெரிக்கா முழுவதும் ஒரு குறிப்பிட்ட நாளில் காப்பகங்களில் இருந்த சிறார் ஏறக்குறைய 1,08,800 பேர். 2020இல் அது 25,000 அளவுக்குச் சரிந்தது. கதவு திறக்கப்பட்டதால் நாடு இடிந்துவிடவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் சிறார் கைதுகளும் பெரிதும் குறைந்தன.

நம் ஊரில் என்ன நடக்கிறது?

இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச்சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1920. நூறு ஆண்டுக்குப் பிறகும் நம் கூர்நோக்கு இல்லங்களும் சிறப்பு இல்லங்களும் செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் தப்பியோட்டத்துக்காகவோ தாக்குதலுக்காகவோதான். 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்ததும், ஊழியர்கள் கைது செய்யப்பட்டதும் தமிழகத்தை உலுக்கின. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2023 நவம்பரில் முதல்வரிடம் அறிக்கை தரப்பட்டது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021இல் நாடு முழுவதும் சிறார் மீது 31,170 வழக்குகள். பிடிபட்டவர்கள் 37,444 பேர். அவர்களில் 76 சதவீதத்தினர் 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருக்க வேண்டிய வயது அது. கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடு நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பள்ளியும் ஒரு பிள்ளையை நீக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்த வேலி இல்லை. மிகுதியாகத் துணை வேண்டிய வயதில்தான் சட்டம் கையை எடுத்துக்கொள்கிறது.

■ பெட்டிச் செய்தி: இளைஞர் நீதிச் சட்டம், 2015 சொல்வது

• இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வயதுக்கும் தேவைக்கும் ஏற்ற கல்வி, தேவைப்பட்டால் சிறப்புக் கல்வி, திறன் பயிற்சி தர வேண்டும் (பிரிவு 53).

• இளைஞர் நீதிக் குழுமம் சிறப்பு இல்லத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு அனுப்பலாம். பள்ளிக்குப் போகுமாறும் உத்தரவிடலாம் (பிரிவு 18).

• பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது (பிரிவு 74).

• குற்றம் நிரூபணமானாலும் அதனால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது (பிரிவு 24). குழுமம் பெருங்குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரிக்க அனுப்பும் 16 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

காகிதத்தில் நம் சட்டம் டெக்சாஸைவிடக் கனிவானது. அங்கே 17 வயதானவனைக் குற்றவியல் சட்டம் பெரியவனாகவே நடத்துகிறது; இங்கே 18 வரை அவன் குழந்தை. ஆனால் மத்தியக் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் பணியாளர் பட்டியலில் இல்லத்து ஆசிரியர் பகுதிநேரப் பணியாளராகவே இடம்பெற்றார். காவலுக்கு முழுநேர ஆள், கல்விக்குப் பகுதிநேர ஆள் என்று எழுதும்போதே முன்னுரிமை எது என்பதைச் சொல்லிவிடுகிறோம். பதினாறு வயதுப் பையன் விசாரணைக்காகச் சில வாரங்கள் உள்ளே இருந்தாலே காலாண்டுத் தேர்வு கடந்து போயிருக்கும். வெளியே வந்ததும் பழைய பள்ளி தயங்கும். மாற்றுச் சான்றிதழில் நடத்தை பற்றி எழுதப்படும் ஒரு சொல், சட்டம் மறைக்கச் சொன்ன கதையை அடுத்த பள்ளிக்குச் சொல்லிவிடும். பெற்றோர் கூலி வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைவார்கள். ஒரு கட்டத்தில் பையனே, 'வேலைக்குப் போறேன்மா' என்பான். எந்தப் பதிவேட்டிலும் அது நீக்கம் என்று ஏறாது.

நாம் கேட்க வேண்டிய கணக்கு

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது. அதில் இல்லங்களின் எண்ணிக்கையும் ஒதுக்கிய தொகையும் அச்சாகின்றன. டெக்சாஸ் தன் சட்டமன்றத்துக்குத் தரும் அறிக்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கூடுதலாக ஐந்து பத்திகள். இந்த ஆண்டு எத்தனை பேர் வந்தார்கள், என்ன காரணத்துக்காக? வரும்போது எந்த வகுப்பு, எந்த அளவு வாசிப்பு? போகும்போது எவ்வளவு கூடியது? எத்தனை பேர் பொதுத்தேர்வு எழுதினார்கள்? வெளியே போய் ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் படிக்கிறார்கள்? ஒரு பிள்ளையின் பெயரைக்கூட வெளியிடாமல் இந்த ஐந்தையும் மாவட்டவாரியாகத் தர முடியும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் நன்னடத்தை அலுவலரும் ஏற்கெனவே கோப்புகளை வைத்திருக்கிறார்கள்.

கணக்கு வந்தால் மற்றவை வரும். ஒரு மாவட்டத்திலிருந்து மட்டும் பிள்ளைகள் குவிந்தால், அந்த மாவட்டத்துக் காவல் நிலையங்களையும் பள்ளிகளையும் விசாரிக்கலாம். வாசிப்பு கூடாத இல்லத்துக்கு முழுநேர ஆசிரியரைக் கேட்கலாம். திரும்பிய பிள்ளையைச் சேர்க்க மறுக்கும் பள்ளியை மாவட்டக் கல்வி அலுவலர் அழைத்துப் பேசலாம். மாத அளவு அலகுகளாகப் பாடத்தை வெட்டும் வேலையை நம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கோடை விடுமுறைக்குள் தொடங்கலாம்.

குற்றம் செய்த பிள்ளைக்குத் தண்டனை வேண்டுமா என்ற விவாதம் தொடரட்டும். பாதிக்கப்பட்டவரின் வலிக்கும் அதில் முழு இடம் உண்டு. ஆனால் எந்த நீதிமன்றமும் எந்தப் பிள்ளைக்கும் கல்வியிழப்பைத் தண்டனையாக எழுதியதில்லை. யாரும் விதிக்காத அந்தத் தண்டனையை நம் அலட்சியம் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை ஒரு முழுநேர ஆசிரியரிடமும் ஒரு நேர்மையான பதிவேட்டிடமும் ஒப்படைத்தால் போதும். அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.